சின்னவன் வாய் திறந்தான்

அன்புள்ள பெரியவனுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. நானும் அப்பாவும் நலம், சின்னவன் நலம், அவன் மனைவி சின்னவளும் நலம், அவள் இப்போது நம் வீட்டில்தான் இருக்கிறாள். நீயும் மருமகளும் அங்கே நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நலம் நலம் என்று எழுதிவிட்டு அடுத்த வரியிலேயே முழங்கால் வலியை ஆரம்பிப்பேன் என்று என்னைக் கேலி செய்வாயே, இந்தத் தடவை அப்படியில்லை, முழங்கால்கூட ஏதோ மனம் வைத்து ஒத்துழைக்கிறது. நேற்று உன் தம்பியின் ரிப்போர்ட் வந்தது. நல்லபடியாக வந்திருக்கிறது. எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு நேற்றுதான் நான் மூச்சை முழுதாக விட்டேன் என்று சொன்னால் நம்பு. காலையில் கடையைத் திறந்து தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்தேன், யாரோ கொடுத்திருந்த பேண்டை இடுப்பில் குறைப்பதற்குப் பதில் காலில் குறைத்துவிட்டேன், சந்தோஷத்தில் கை அப்படி ஓடுகிறது. அந்தப் பேண்டுக்காரரைச் சமாளிப்பது தனிக்கதை.

நீ போனில் கேட்கும்போதெல்லாம் எல்லாம் சரியாக இருக்கிறது என்று மழுப்பிக்கொண்டே இருந்தேன். என்ன செய்ய, போனில் பேசினால் உன் அப்பா பக்கத்தில் வந்து நின்றுகொண்டு பேசு, பேசாதே என்று கண்ணாலேயே ஜாடை காட்டுவார், கடையில் பேசினால் அளவு கொடுக்க வந்தவர்கள் காதைத் தீட்டிக்கொள்வார்கள், அதுவும் போக உனக்குச் சங்கடமாகிவிட்டால் சரிம்மா சரிம்மா என்று சொல்லிப் பாதியில் வைத்துவிடுவாய். கடிதத்தை அப்படிப் பாதியில் வைக்க முடியாது, வைத்தாலும் அது மேசை மேலேயே கிடந்து உன்னைப் பார்க்கும். ஆகவே அம்மா இதையெல்லாம் எழுதுகிறாளே என்று முகத்தைச் சுளிக்காமல் கடைசிவரை படி. விஷயம் விந்தணு சம்பந்தப்பட்டது. பார், எழுதிவிட்டேன், பேனா ஒன்றும் உடைந்துவிடவில்லை. உன் அப்பா என்னவோ இன்னும் 'அந்த டெஸ்ட்' என்றுதான் சொல்கிறார், அதையும் ஜன்னலைச் சாத்திவிட்டுச் சொல்கிறார்.

உனக்குப் பாதிக் கதை தெரியும். கல்யாணமாகி இத்தனை வருஷம் ஆகியும் அவர்களுக்குக் குழந்தை இல்லை. சின்னவள் தன் மூக்குக்கண்ணாடிக் கடையில் லீவு சொல்லிவிட்டு ஏறாத ஆஸ்பத்திரி இல்லை. ரத்தம் எடுத்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள், குழாயில் அடைப்பு இருக்கிறதா என்று மருந்தை உள்ளே செலுத்திப் படம் எடுத்தார்கள், அன்றைக்கு வலியில் அவள் என் கையைப் பிடித்த பிடியில் என் வளையல் நெளிந்துவிட்டது. எல்லாமே சரியாக இருக்கிறது என்றுதான் சொன்னார்கள். கூடவே ஒவ்வொரு டாக்டரும் வீட்டுக்காரருக்கும் ஒரு டெஸ்ட் எடுத்துவிடுங்கள், அதுதான் இருப்பதிலேயே சுலபம், ஊசி கிடையாது, வலி கிடையாது என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். இதைச் சொன்னால் போதும், இவன் சட்டைக் கையை மடித்துப் புஜத்தைக் காட்டுவான். "எனக்கு என்னம்மா குறை, நீயே பாரு" என்பான். நானும் பார்த்தேன், குறை ஒன்றும் கண்ணுக்குத் தெரியவில்லை. பகலெல்லாம் லிஃப்ட் ரிப்பேர், சாயங்காலம் ஆனால் அந்த மரச்சாமான் கடைக்கு மேல் மாடியில் இருக்கிற ஜிம், ஆள் செதுக்கி வைத்த மாதிரி ஆகிவிட்டான். அவன் சட்டைகளை அக்குளில் பிரித்து ஒட்டுத்துணி வைத்துத் தைத்துக் கொடுத்தவளே நான்தான், அதிலும் எனக்குப் பெருமை, கடைக்கு வருகிறவர்களிடம் என் பையன் அளவு என்று டேப்பைப் பிடித்துக் காட்டுவேன்.

அப்புறம் உன் அத்தை வீட்டுக் கல்யாணம். அங்கே நடந்ததை உனக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். சாப்பாட்டு நேரம், எல்லாரும் கையில் தட்டோடு நிற்கிறோம். மாப்பிள்ளை வீட்டு அம்மா ஒருவர் பேச்சுவாக்கில் சின்னவளைப் பார்த்து எத்தனை குழந்தைகள் என்று கேட்டார். அவள் வாயைத் திறப்பதற்குள் உன் அத்தை முந்திக்கொண்டு, "எங்க பையனுக்கு என்ன, சிங்கம் மாதிரி இருக்கான் பாருங்க. இவளுக்குத்தான் உடம்புல ஏதோ கோளாறு, பார்க்காத வைத்தியம் இல்ல" என்று எல்லார் காதிலும் விழும்படி சொல்லிவிட்டார். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன், அதற்குள் மாப்பிள்ளை வீட்டு அம்மா பேச்சை மாற்றிவிட்டார். உன் தம்பி சின்னவளுக்குப் பக்கத்தில்தான் நின்றான். மென்றுகொண்டிருந்ததை மென்று முடித்தான், அவ்வளவுதான், ஒரு வார்த்தை பேசவில்லை. சின்னவள் தட்டில் இருந்ததை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாள், கை கழுவினாள், வீட்டுக்கு வந்தாள். ஒரு வாரம் கழித்து, அக்கா வீட்டிலிருந்து கடைக்குப் போக வசதியாக இருக்கிறது அத்தை, கொஞ்ச நாள் அங்கே இருக்கிறேன் என்று என்னிடம் சொல்லிவிட்டுப் பெட்டியோடு போய்விட்டாள். சண்டையும் இல்லை, அழுகையும் இல்லை. சண்டை போட்டிருந்தால்கூடச் சமாதானம் செய்திருப்பேன்.

அவள் போன பிறகு இவன் ஆடிப்போய்விட்டான். யாருக்கும் சொல்லாமல் தனக்குத் தெரிந்தவர் ஒருவரும் இல்லாத ஏதோ ஒரு பகுதியில் போய் டெஸ்ட் கொடுத்திருக்கிறான். ரிப்போர்ட்டில் விந்தணு ஒன்றுகூட இல்லை என்று வந்திருக்கிறது. ஒன்றுகூட! இதை அவன் எங்களிடம் சொன்னானா, இல்லை. டாக்டரிடம் போனானா, அதுவும் இல்லை. யாரிடம் போனான் என்று நினைக்கிறாய், ஜிம் மாஸ்டரிடம் போனான். இடுப்பு வலித்தாலும் மாஸ்டர், தூக்கம் வராவிட்டாலும் மாஸ்டர் என்று பழகிவிட்ட பையன். அந்த மாஸ்டர் இதற்கென்ன, ஆண்மை குறைந்திருக்கிறது, ஊசியைக் கொஞ்சம் கூட்டிப் போடலாம் என்று சொல்லியிருக்கிறார். ஏற்கெனவே போட்டுக்கொண்டிருந்த ஊசி. உடம்பு ஏறுவதற்காக ரொம்ப காலமாகவே போட்டுவந்திருக்கிறான், நமக்குத்தான் தெரியாது. நான் முட்டையும் பாலும்தான் அப்படி உடம்பில் ஒட்டுகிறது என்று நினைத்துக்கொண்டு இன்னும் இரண்டு முட்டையை அவித்து வைத்தேன்.

எங்களுக்கு எப்படித் தெரிந்தது என்றால், அவன் ஜிம் பையின் ஜிப் பல் போய்விட்டது என்று மாற்றித் தரச் சொல்லிக் கடையில் போட்டுவிட்டுப் போனான். பையைக் காலி செய்துவிட்டுத்தான் கொடுத்தான், ஆனால் உள் துணியை நான் பிரிப்பேன் என்று அவனுக்குத் தோன்றவில்லை. ஜிப் மாற்ற உள் துணியைப் பிரிக்காமல் எப்படி மாற்றுவது, தையல்காரி வயிற்றில் பிறந்தவனுக்கு அதுகூடத் தெரியவில்லை. பிரித்தேன், அடியிலிருந்து சின்னச் சின்னக் கண்ணாடிக் குப்பிகளும் சிரிஞ்சும் வந்து மடியில் விழுந்தன. பையன் போதைக்குப் போய்விட்டான் என்றே முடிவு கட்டிவிட்டேன். கடையைச் சாத்திவிட்டு அப்பாவை டிப்போவிலிருந்து வரச்சொன்னேன். பஸ் எஞ்சினைத் தனி ஆளாகக் கழற்றிப் பூட்டுகிற மனுஷன், ஒரு சின்னக் குப்பியைக் கைக்குட்டையில் சுற்றி வெடிகுண்டைத் தூக்குகிற மாதிரி தூக்கிக்கொண்டு, நம்மை யாருக்கும் தெரியாத ஒரு மருந்துக் கடையைத் தேடிப் போனார். திரும்பி வரும்போது முகமெல்லாம் சிரிப்பு, கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். போதை இல்லையாம், ஜிம்முக்குப் போகிற பையன்கள் சதை ஏறப் போட்டுக்கொள்கிற ஆண் ஹார்மோனாம், கடைக்காரர் சொன்னார் என்று சொல்லிவிட்டு இரண்டு பழம் சாப்பிட்டார். நானும் ஒன்று சாப்பிட்டேன். எவ்வளவு பெரிய முட்டாள்கள் பார் நாங்கள், அந்தக் குப்பிதான் நம் வீட்டுக்கு வினை என்று தெரியாமல் கொண்டாடிக்கொண்டிருந்தோம்.

சாயங்காலம் அவன் வந்ததும் பையை அவன் முன்னால் வைத்தேன். கத்துவான் என்று நினைத்தேன், அவ்வளவு பெரிய உடம்பு அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதது. "ஆண்மை ஏறணும்னுதாம்மா போட்டேன், அவ திரும்பி வரணும்னுதான் போட்டேன்" என்றான். ரிப்போர்ட் விஷயம் அப்போதுதான் வெளியே வந்தது. அப்பா அவன் தலையில் கை வைத்தபடி நின்றார். மறுநாளே ஆண்களுக்கென்று இருக்கிற டாக்டரிடம் பேசி நேரம் வாங்கினோம். இவன் தனியாகப் போகமாட்டேன் என்றான். அப்பா கூட வந்தார், ஆஸ்பத்திரி வாசல் வரை வந்தார், அங்கே இருந்த போர்டைப் படித்ததும் அவருக்குத் திடீரென்று டிப்போவில் ஏதோ அவசர வேலை நினைவுக்கு வந்துவிட்டது. கடைசியில் நான்தான் உள்ளே போனேன். அந்த ஹாலில் உட்கார்ந்திருந்த ஆண்களைப் பார்க்க வேண்டுமே, ஒருத்தர் தொப்பியை மூக்குவரை இழுத்துவிட்டிருக்கிறார், ஒருத்தர் அணைந்துபோன போனையே உற்றுப் பார்க்கிறார், எதிரே கிருமிநாசினி டப்பா மேல் ஒட்டியிருந்த சீட்டை ஒருத்தர் மூன்றாம் தடவையாகப் படிக்கிறார். அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தவன் உன் தம்பி ஒருத்தன்தான்.

டாக்டர் ஒரு பெண், வயதிலும் இளையவள். ஏதாவது மருந்து, ஊசி எடுத்துக்கொள்கிறீர்களா என்று கேட்டாள். இல்லை என்றான். என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டே, என் முகத்துக்கு நேரே இல்லை என்றான். நான் பையை எடுத்து மேசை மேல் வைத்தேன். அந்தப் பெண் குப்பியைப் பார்த்தாள், இவனைப் பார்த்தாள், திட்டவில்லை, சிரிக்கவும் இல்லை. நான் தையல்கடை வைத்திருக்கிறேன் என்று தெரிந்ததும் என் பக்கம் திரும்பிச் சொன்னாள். "அம்மா, உங்க கடைக்கு வெளியில இருந்து தைச்ச சட்டை மூட்டை மூட்டையா வந்து குவிஞ்சா, உங்ககிட்ட தைக்கிறவங்களை நீங்க என்ன செய்வீங்க, வீட்டுக்கு அனுப்பிடுவீங்கல்ல? மூளையும் அதைத்தான் செய்யுது" என்றாள். அதாவது வெளியிலிருந்து ஹார்மோன் வந்துகொண்டே இருப்பதால் இனி நாம் செய்ய வேண்டியதில்லை என்று மூளை உத்தரவை நிறுத்திவிடுகிறது, விதை வேலையை விட்டுவிடுகிறது. மீசை அடர்த்தியாகிறது, புஜம் ஏறுகிறது, உள்ளே உற்பத்தி நின்றுவிடுகிறது. அவன் எதைச் சரிசெய்ய ஊசியைக் கூட்டினானோ அதையே அந்த ஊசி அடைத்துப் போட்டிருக்கிறது. நிறுத்தினால் திரும்புமா என்று கேட்டேன். பெரும்பாலும் திரும்பும், எல்லாருக்கும் என்று சத்தியம் செய்ய முடியாது, மாதக்கணக்கில் ஆகும், சிலருக்கு அதற்கும் மேலே ஆகும், மருந்து கொடுத்துப் பார்க்கலாம், பொறுமை வேண்டும் என்றாள். ஜிம்முக்குப் போகிற தம்பிக்கென்று நீ அங்கிருந்து அனுப்பிய பவுடர் டப்பாவையும் காட்டினேன், அது வெறும் புரதம்தான், அதில் தப்பில்லை என்று சொல்லிவிட்டாள், ஆகவே நீ மனசைப் போட்டு உறுத்திக்கொள்ளாதே.

ஊசியை நிறுத்திய பிறகு அவன் பட்ட பாட்டைச் சொல்லி முடியாது. எப்போது பார்த்தாலும் அசதி, படுத்த படுக்கை, தொட்டதற்கெல்லாம் எரிச்சல், டிவியில் சோப்பு விளம்பரம் வந்தால்கூடக் கண் கலங்கும். இப்படித்தான் இருக்கும், தனியாக விடாதீர்கள், ரொம்ப மனசு தளர்ந்தால் உடனே கூப்பிடுங்கள் என்று டாக்டர் முன்கூட்டியே சொல்லியிருந்ததால் பிழைத்தோம். நான் பிரித்து விட்ட சட்டைகளையெல்லாம் மறுபடி பிடித்துத் தைத்தேன். அந்த நிலைமையில் ஒரு நாள் ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு சின்னவளின் கடைக்குப் போயிருக்கிறான். குறை என்னிடம்தான் என்று காட்டியிருக்கிறான். அவள் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்திருக்கிறாள். "எனக்கு எந்தக் குறையும் இல்லைன்னு எனக்கு முன்னாடியே தெரியும்ங்க. தெரிஞ்சவகிட்ட வந்து ஏன் சொல்றீங்க, தெரியாதவங்ககிட்ட சொல்லுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு, காத்திருந்த ஒருவருக்குக் கண்ணாடி மாட்டிப் பார்க்கப் போய்விட்டாளாம். வீட்டுக்கு வந்து அதை என்னிடம் சொன்னான். அவள் சொன்னதில் என்ன தப்பு என்று கேட்டேன். போய்ப் படுத்துக்கொண்டான்.

உடற்பயிற்சி செய்யலாம், ஊசிதான் கூடாது என்று டாக்டர் சொன்னதால் கொஞ்ச நாளில் மறுபடி ஜிம்முக்குப் போக ஆரம்பித்தான். அங்கே நடந்ததை அவன் சொல்லி நான் கேட்கவில்லை, கல்யாணக் கோட்டைப் பிடித்துத் தைக்க என் கடைக்கு வந்த ஒரு மாப்பிள்ளைப் பையன் சொன்னான். அவனும் அதே ஜிம். போட்டோவில் எடுப்பாகத் தெரிய வேண்டும் என்று ஊசி போடப் புறப்பட்டவன், எந்த ஊசி நல்லது என்று அனுபவசாலியான உன் தம்பியிடமே போய்க் கேட்டிருக்கிறான். உன் தம்பி போய் ஜிம்மில் ஓடிக்கொண்டிருந்த காதைக் கிழிக்கிற பாட்டை நிறுத்தினானாம். "அண்ணன் எல்லார் முன்னாடியும் சொன்னார் ஆன்ட்டி, என் ரிப்போர்ட்ல ஒண்ணுமே இல்ல, பூஜ்யம், இந்த ஊசியாலதான், என் வொய்ஃப் மேல ஒரு குறையும் கிடையாதுன்னு சொன்னார்" என்று அந்தப் பையன் சொல்லும்போது நான் ஊசியில் நூல் கோக்க முடியாமல் உட்கார்ந்திருந்தேன். உடனே ஆளாளுக்குக் கேள்வியாம். வெந்நீர்த் தொட்டியில் உட்காரலாமா, சின்ன வயதில் பொன்னுக்கு வீங்கி வந்து விதையும் வீங்கியதே அது பரவாயில்லையா, ஒரு பக்கம் கனமாகத் தொங்குகிற மாதிரி இருக்கிறதே யாரிடம் காட்டுவது என்று, மனசுக்குள் பூட்டி வைத்திருந்ததையெல்லாம் கொட்டியிருக்கிறார்கள். அத்தனை எடையை அனாயாசமாகத் தூக்குகிற பையன்கள், இதைத் தூக்கிக்கொண்டு ஒரு டாக்டரிடம் போகத் தெம்பில்லாமல் இருந்திருக்கிறார்கள். மாஸ்டர் அப்போது எழுந்து துணி மாற்றும் அறைக்குள் போய்விட்டாராம். இரண்டு நாள் கழித்து அவரே இவனுக்குப் போன் செய்து, தெரிந்த ஒருவருக்காக அந்த டாக்டர் நம்பர் வேண்டும் என்று கேட்டார். அந்தத் தெரிந்த ஒருவர் யார் என்று இவனும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

அதன் பிறகு மாஸ்டரே ஏற்பாடு செய்து ஒரு லீவு நாள் காலையில் டாக்டரை ஜிம்முக்கே அழைத்துவிட்டார். பையன்கள் எடை தூக்கும் பெஞ்சுகளில் வரிசையாக உட்கார்ந்து கேட்டிருக்கிறார்கள். கீழே இருக்கிற மரச்சாமான் கடைக்காரர் மின்விசிறி சரியாக ஓடுகிறதா என்று பார்க்க வந்தவர் கடைசிவரை இறங்கவே இல்லை. உன் அப்பாவும் போனார், வாசலோடு திரும்பாமல் உள்ளேயே போனார்! வந்து இரண்டு நாள் யோசனையாகவே இருந்தார், மூன்றாம் நாள் பாடம் ஒப்பிக்கிற மாதிரி எனக்குச் சொன்னார். குழந்தை தாமதமாகிறது என்று வருகிறவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஆண் பக்கமும் ஏதாவது காரணம் இருக்கிறதாம். புதிய விந்தணு உருவாகி வர மூன்று மாதம் போல ஆகுமாம், ஆகவே இன்று சிகரெட்டை விட்டால் நாளைக்குப் பலன் தெரியாது, ஆனால் தெரியும். சூடு ஆகாதாம், லேப்டாப்பை மடியிலேயே வைத்துக்கொண்டிருப்பது, இறுக்கமான உடுப்பு இதெல்லாம் நல்லதில்லை. பால்வினைத் தொற்று இருந்தால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே வைத்தியம் பார்க்க வேண்டும், குளிக்கும்போது விதையைத் தொட்டுப் பார்த்து ஏதாவது கட்டி தட்டுப்பட்டால் அடுத்த நாளே டாக்டரிடம் காட்ட வேண்டும், வயது ஏற ஏற ஆணுக்கும் தரம் இறங்கும், பெண்ணுக்கு மட்டும்தான் வயது ஏறுகிறது என்று நினைக்கக்கூடாது. இவ்வளவையும் சொல்லிவிட்டு, இதை உனக்கும் எழுது, நான் எழுதினால் எழுத்து கோணலாக வரும் என்றார். அவர் எழுத்து எப்போதுமே கோணல்தான்.

இனி முக்கியமானதுக்கு வருகிறேன். ஜிம்மில் சொன்னால் சரியாகிவிட்டது என்று நான் நினைத்தேன். உன் தம்பி அப்படி நினைக்கவில்லை, சின்னவளைப் பற்றிப் பேசினது ஜிம் பையன்கள் இல்லையே. உன் அத்தையின் கணவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதற்கு வீட்டில் விருந்து வைத்தார்கள், கல்யாணத்துக்கு வந்திருந்த அதே கூட்டம், அந்த மாப்பிள்ளை வீட்டு அம்மா உட்பட. நாங்களும் போனோம், சின்னவள் வரவில்லை. எல்லாரும் தட்டோடு நிற்கும்போது இவன் உன் அத்தையிடம் நேராகப் போனான். "அத்தை, அன்னிக்கு அவளுக்குக் கோளாறுன்னு சொன்னீங்க. அவளுக்கு ஒரு கோளாறும் இல்ல. கோளாறு எனக்குத்தான், நானே போட்டுக்கிட்ட ஊசியால வந்தது. பக்கத்துல நின்னு கேட்டுக்கிட்டு சும்மா இருந்தேன் பாருங்க, அது அதைவிடப் பெரிய கோளாறு" என்றான். உன் அத்தை முகம் சிவந்து, "இதையெல்லாமா சாப்பிடுற இடத்துல பேசுவாங்க" என்று பல்லைக் கடித்தார். "அன்னிக்கும் சாப்பிடுற இடத்துலதானே அத்தை பேசினீங்க" என்றான். உன் அப்பா வந்து சின்னவன் தோளில் கை போட்டுக்கொண்டு நின்றார். எனக்கு அழுகையும் வந்தது, சத்தம் போட்டுச் சிரிக்கவும் தோன்றியது, இரண்டையும் அடக்கிக்கொண்டு தண்ணீர் குடித்தேன்.

உன் அத்தை நாக்கு நீளம்தான், ஆனால் மனசு கல் இல்லை. அடுத்த வாரம் புதுக் கண்ணாடி வேண்டும் என்று சின்னவளின் கடைக்குப் போயிருக்கிறார். இருக்கிற கண்ணாடிக்கு ஒரு கேடும் இல்லை. அலமாரியில் இருந்த சட்டங்களையெல்லாம் ஒன்று விடாமல் மாட்டிப் பார்த்தாராம், கடைசியில் சின்னவளின் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் பேசினது ரொம்பத் தப்பும்மா" என்று சொல்லிவிட்டு விசும்பியிருக்கிறார். விருந்தில் இவன் என்ன சொன்னான் என்று வார்த்தைக்கு வார்த்தை சொன்னதும் அவர்தான். சின்னவள் அவருக்குக் கண்ணாடிக் காலை வளைத்துக் காதில் சரியாக உட்கார வைத்து அனுப்பியிருக்கிறாள். அன்றைக்குச் சாயங்காலமே ஆட்டோவில் பெட்டியோடு வந்து இறங்கிவிட்டாள். சொல்லிக்கொண்டு வரவில்லை. நேராகச் சமையலறைக்குள் போய்க் குழம்பைக் கரண்டியில் எடுத்து ருசி பார்த்து, உப்புப் போட மறந்துவிட்டீர்களே அத்தை என்றாள். சின்னவன் வேலையிலிருந்து வந்து வாசலில் அவள் செருப்பைப் பார்த்துவிட்டு, உள்ளே வராமல் ரொம்ப நேரம் அங்கேயே நின்றான். நான்தான் போய் வாடா என்று இழுத்து வந்தேன்.

இதெல்லாம் இந்த ரிப்போர்ட்டுக்கு முன்னால் நடந்தது, அதைக் கவனி. அவள் வந்தபோது அவனுக்கு ஒன்றும் திரும்பியிருக்கவில்லை, திரும்புமா என்றும் யாருக்கும் தெரியாது. நேற்றுதான் புது ரிப்போர்ட். எண்ணிக்கை வந்துவிட்டது, இன்னும் கொஞ்சம் ஏற வேண்டும், ஆனாலும் இயற்கையாகவே குழந்தைக்குக் காத்திருக்கலாம், அவள் வந்த பிறகு எடுத்த போன தடவையும் இந்தத் தடவையும் தொடர்ந்து ஏறியிருப்பதால் நம்பிக்கையாக இருங்கள் என்று டாக்டர் சொன்னாள். அப்பா ஜன்னலைச் சாத்தாமலே அதைப் படித்தார். நான் இரண்டு பேரையும் சேர்த்துக் கட்டிக்கொண்டேன். குழந்தை எப்போது வரும் என்று நான் கேட்கப் போவதில்லை, நீயும் அவர்களிடம் கேட்காதே.

நீயும் என் மருமகளும் நோய்நொடி இல்லாமல், ஒருத்தருக்கு ஒருத்தர் ஆதரவாக, மனசு நிறைந்து நீண்ட காலம் வாழ வேண்டும். எங்கள் இரண்டு பேர் ஆசீர்வாதமும் எப்போதும் உங்களுக்கு உண்டு. குளிருக்குக் காதை மூடிக்கொண்டு போ, நேரத்துக்குச் சாப்பிடு. இன்னும் ஒன்று சொல்ல இருக்கிறது, இத்தனை பக்கம் எழுதினதே அதற்காகத்தான். போன வாரம் போனில், எங்களுக்கும் குழந்தை தள்ளிப்போகிறதம்மா, அடுத்த மாதம் அவளை ஒரு டாக்டரிடம் அனுப்பப் போகிறேன் என்று சொன்னாய். பின்னால் பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது, நீ அதைச் சொன்னதும் அந்தச் சத்தம் நின்றுவிட்டது. உனக்குக் கேட்டதோ இல்லையோ, எனக்கு இங்கே கேட்டது. அவளை அனுப்பாதே. முதலில் நீ போ, அவளைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு போ.

என்றும் உன் நலம் நாடும்,
அம்மா